விரிப்புக்கு அடியில்

ஹெப்பகோடியில் எங்கள் தெருவுக்குள் மாடு வரும், தண்ணீர் லாரி வரும், பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ் வழி தவறி வந்து திரும்ப முடியாமல் நிற்கும். கூரையில்லாத கார் மட்டும் வந்ததில்லை. அதுவும் வந்தது. 2025 ஆகஸ்டில் எங்கள் ஊருக்கு மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஓட்டி வந்தவன் என் தங்கை மகன். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. வயது இருபத்தெட்டு. உயரம் ஆறடிக்கு மேல்.

"எப்படி இருக்கு மாமா?"

சிவப்பு நிறம். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். வெளிநாட்டில் செய்யப்பட்டு, இங்கே மூன்று கை மாறிய வண்டி. எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்கு முக்கியமில்லை. தெருப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். நானும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கூரையில்லாத கார்மேல் எனக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்தது. 1998-இல் கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் என்ற குட்டித் திறந்த கார் ஒன்றை ஓசூர் ரோட்டில் முதன்முதலாகப் பார்த்தபோது, சைக்கிளை நிறுத்திவிட்டு, அது கண்ணை விட்டு மறையும்வரை நின்றவன் நான்.

ஆனால் அன்று என் கண் நின்ற இடம் வேறு. இருக்கைகளுக்குப் பின்னால் லாடம் போல் வளைந்த ஒரு பளபளப்பான குழாய். ரோல் பார். கார் தலைகீழாகக் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரின் தலை தரையில் படாமல், வண்டியின் எடையைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டிய குழாய். கூரையுள்ள காரில் அந்த வேலையைக் கூரையும் தூண்களும் சேர்ந்து செய்கின்றன. கூரையைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது இது ஒன்றுதான்.

"கடையிலே போட்டேன் மாமா. எஸ்.எஸ். பைப். அடுத்த மாசம் இருங்காட்டுக்கோட்டையிலே டிராக் டே. அதுக்குத்தான்."

டிராக் டே என்பது பந்தயமல்ல. பணம் கட்டி, சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த கதை எங்கள் தலைமுறைக்குத் தெரியும். இன்று ஹெப்பகோடியிலிருந்து கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டிப் போய், தடத்தில் சில சுற்றுகள் வேகமாக ஓட்டிவிட்டு, அதே காரில் வீடு திரும்பும் இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். தவறொன்றுமில்லை. ஓசூர் ரோட்டில் அந்த வேகத்தைக் காட்டுவதைவிட அங்கே காட்டுவது நல்லது.

நான் உள்ளே போய் வெர்னியர் எடுத்து வந்தேன். தங்கை வாசலில் நின்று சிரித்தாள். "ஆரம்பிச்சுட்டியா அண்ணா?"

இருசக்கர வாகனங்களுக்குக் குழாய்ப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவன் நான். கல்யாண வீட்டில் பந்தல் கால்களைக்கூட அளந்து பார்ப்பேன் என்று வீட்டில் கேலி உண்டு. குழாயின் வெளிவிட்டம் 38 மில்லிமீட்டர். கீழே ஒரு போல்ட்டைக் கழற்றித் துளை வழியே சுவரின் கனத்தை அளந்தேன். 1.2 மில்லிமீட்டர். மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடும் பதினெட்டு கேஜ் பைப்.

சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதியில், முதன்மை வளைவுக்குக் குறைந்தபட்சம் 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாய், அல்லது 50-க்கு 2 மில்லிமீட்டர் குழாய் வேண்டும். அதுவும் நீளவாக்கில் ஒட்டுப் போடாத, சீம்லெஸ் கார்பன் ஸ்டீலாக இருக்க வேண்டும். வடிவத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், வளைவைத் தாங்குவதில் என் மருமகனின் குழாய் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். அவ்வளவுதான்.

"இது ரோல் பார் இல்லடா. துணி காயப்போடலாம்" என்றேன்.

அவன் முகம் சுருங்கியது. "மாமா, இது தாழ்வான கார். ஜீப் மாதிரி கவிழாது."

பாதி உண்மை. எங்கள் பக்கத்து ஹுஸ்கூரில் மத்தூரம்மா திருவிழாவுக்கு ஊர் ஊராக நூறடிக்கு மேல் உயரமான தேர்களைக் கட்டி இழுத்து வருவார்கள். 2024 ஏப்ரலிலும் 2025 மார்ச்சிலும் தேர்கள் சாய்ந்து விழுந்தன. 2025-இல் உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. உயரம் அதிகம், அடி அகலம் குறைவு என்றால் சாய்வதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். காருக்கும் இதே கணக்குத்தான். இரண்டு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை, எடையின் மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கில் சாதாரணக் கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரை. ஜீப் வகை வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் பெரிதாக இருந்தால் வண்டி கவிழ்வதற்கு முன் சறுக்கிவிடும்.

ஆனால் அது சமமான தார்ச்சாலைக்குச் சொன்ன கணக்கு. பக்கவாட்டில் சறுக்கிப் போகும் கார் தார் முடிந்து மண்ணில் இறங்கினால், சக்கரம் மண்ணை உழுது புதைகிறது. ஓடுகிறவன் காலைக் கல் தடுக்குவது போல. அதன்பிறகு தாழ்வான காரும் புரளும். தனியாக விபத்துக்குள்ளாகிக் கவிழும் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை இப்படித் தடுக்கி விழுந்தவைதான். பந்தயத் தடத்தின் ஓரத்தில் இருப்பதும் மண்ணும் சரளையும் விளிம்புக் கட்டையும்தானே?

அவன் பதில் சொல்லவில்லை. காப்பி குடிக்காமல் கிளம்பிவிட்டான். தங்கை என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. "ஆசையா வாங்கியிருக்கான். ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லக் கூடாதா?"

சொல்லியிருக்கலாம். ஆனால் 1993-இல் நான் சொன்ன நல்ல வார்த்தை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தொன்று வயது. என்னோடு வேலை செய்த நண்பன், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரன், ஏலத்தில் பழைய ஜீப் ஒன்றை எடுத்தான். கான்வாஸ் கூரை. அதையும் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவான். பந்தயத்துக்குப் போகும் ஜிப்ஸிகளில் இருப்பது போல் தலைக்குப் பின்னால் ஒரு வளைவு வேண்டும் என்றான். ஒன்றரை அங்குலத் தண்ணீர்க் குழாயில் மணல் அடைத்து, கேஸ் வைத்துச் சூடாக்கி, நான்தான் வளைத்தேன். கறுப்பு பெயின்ட் அடித்து மேலே இரண்டு விளக்கு மாட்டினோம். பார்க்க அம்சமாக இருந்தது.

வளைவின் இரண்டு பாதங்களுக்கும் மூன்று அங்குலச் சதுரத் தகடு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு போல்ட். ஜீப்பின் தரையில் துளை போட்டபோது, ட்ரில் துருவை உதிர்த்துக்கொண்டு சட்டென்று இறங்கியது. நல்ல தகட்டில் அப்படி இறங்காது. நான் கவனித்தேன். தரப் பரிசோதகன் கவனிக்காமல் இருப்பானா? ஞாயிற்றுக்கிழமை, இருட்டிக்கொண்டு வந்தது. "போதும்டா" என்றான். "இது போதும், யானை மேலே விழுந்தாலும் தாங்கும்" என்றேன். ரப்பர் விரிப்பை மேலே போட்டு மூடினோம்.

ஜூலை மழையில், அத்திப்பள்ளியைத் தாண்டி, எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியபோது இடது சக்கரங்கள் தார் விளிம்பிலிருந்து சேற்றில் இறங்கின. வேகம் ஒன்றுமில்லை. ஜீப் மெதுவாகச் சாய்ந்து, புரண்டு, அவன்மேல் கவிழ்ந்தது. பெல்ட் கிடையாது. கழுத்துக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஒன்பது வருடம் படுக்கையில் இருந்தான்.

மறுநாள் ஜீப்பைப் போய்ப் பார்த்தேன். நான் வளைத்த குழாயில் ஒரு நெளிவும் இல்லை. ஆனால் அது முன்பக்கமாகப் படுத்துக் கிடந்தது. இரண்டு பாதங்களும் தரைத் தகட்டை வட்டமாகப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன. போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் பத்திரமாக இருந்தன. அவை பிடித்திருந்த தரைதான் இல்லை.

ஊர் வேறு மாதிரி பேசியது. "அந்தக் கம்பி இருந்ததாலேதான் உசிராவது மிஞ்சுச்சு" என்றார்கள். அவன் மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் மறுக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக அந்த நன்றியைச் சுமந்துகொண்டு இதே ஹெப்பகோடியில் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் மருமகனிடம் சொல்ல இரண்டு வாரம் ஆயிற்று. நானே அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு எழுந்து போய், காரின் இருக்கைக்குப் பின்னால் விரிப்பைத் தூக்கினான். அந்த எஸ்.எஸ். வளைவின் பாதங்கள் மெல்லிய தரைத் தகட்டில் இரண்டிரண்டு ஸ்க்ரூவில் நின்றன. அடியில் தகடு இல்லை.

"இந்த தடவை போகலை மாமா" என்றான்.

அதன்பிறகு மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்குப் பட்டறையில் கழிந்தன. ஒரு நல்ல ரோல் பாருக்கு என்ன வேண்டும் என்பதைப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டோம். சீம்லெஸ் குழாய். பின்பக்கம் சாய்ந்து காரின் உடலோடு சேரும் இரண்டு தாங்கிகள். எஃப்.ஐ.ஏ. விதிப்படி அவை செங்குத்துக் கோட்டிலிருந்து குறைந்தது 30 டிகிரியாவது சாய்ந்திருக்க வேண்டும். முதன்மை வளைவின் ஒவ்வொரு பாதத்துக்கும் அடியில், தரையோடு சேர்த்து, 3 மில்லிமீட்டர் கனத்தில் 120 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாத தகடு. பாதத்துக்குக் குறைந்தது மூன்று போல்ட், 8 மில்லிமீட்டர், 8.8 தரம். 120 சதுர சென்டிமீட்டர் என்பது என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. 1993-இல் பழைய இரும்புக் கடையில் அது சில ரூபாய்க்குக் கிடைத்திருக்கும்.

பெரிய இடத்திலும் இந்தப் பாடம் கசப்பாகத்தான் வந்திருக்கிறது. 2022 ஜூலை 3 அன்று சில்வர்ஸ்டோனில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் சீன வீரர் ஜோ குவான்யூவின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து வெகுதூரம் இழுத்துக்கொண்டு போனது. தலைக்குப் பின்னால் இருந்த வளைவு பெயர்ந்துவிட்டது. 2018 முதல் கட்டாயமாக்கப்பட்ட ஹேலோ என்ற இன்னொரு வளையம்தான் அவர் தலையைக் காத்தது. அதன்பிறகு 2023-க்கு அந்த வளைவின் விதிகள் கடுமையாக்கப்பட்டன. அவ்வளவு சோதனைகளைக் கடந்து வந்த காரிலேயே பெயரும் என்றால், அலங்காரக் கடையில் போட்ட குழாயை என்ன சொல்வது?

குழாயும் பாதமும் முடிந்தன. உயரம் பாக்கி. ஒரு நாள் அவனை ஹெல்மெட் போட்டு, பெல்ட் கட்டி உட்காரச் சொன்னேன். தங்கையிடம் ஒட்டடைக் கம்பு வாங்கி, ரோல் பாரின் உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டத்தின் உச்சிவரை வைத்தேன். வெளிநாடுகளில் டிராக் டே நடத்துகிறவர்கள் செய்யும் சோதனைதான் இது. கார் கவிழ்ந்தால் ஏறக்குறைய அந்தக் கோடுதான் தரை. ஹெல்மெட் அந்தக் கோட்டுக்குக் கீழே, முடிந்தால் இரண்டு அங்குலம் கீழே இருக்க வேண்டும்.

கம்பு ஹெல்மெட்டின் மேல் உட்கார்ந்து ஆடியது.

தங்கை அதைப் பார்த்தாள். இயந்திரம் எதுவும் தெரியாதவள். ஆனால் தன் பிள்ளையின் தலைமேல் கம்பு ஆடுவதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "இறக்கு. சீட்டை இறக்கு" என்றாள். இருக்கையின் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, தாழ்வான வேறு இருக்கை போட்டபிறகுதான் கம்பு தலையைத் தொடாமல் நின்றது. ஹெல்மெட் தலையைச் சில விரற்கடை உயர்த்திவிடுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 1989-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்.எல். காரில், வண்டி கவிழப் போவதை உணர்ந்து 0.3 விநாடியில் தானே எழுந்து நிற்கும் வளைவு வைத்தார்கள். அதற்கும் முன்பு, 1965-இலேயே போர்ஷே, டார்கா என்ற காரில் நிலையான அகல வளைவு வைத்தது. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் அவை சாலையில் வெறுந்தலையோடு போகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்தவை. தடத்துக்குப் போகிறவர் தன் தலையை, தன் ஹெல்மெட்டோடு அளந்து பார்க்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். நான்கு முனைப் பந்தய பெல்ட்டை மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்வது சிலருக்கு வழக்கம். சரியான ரோல் பார் இல்லாத திறந்த காரில் அது ஆபத்து. உடம்பை நிமிர்த்தியே பிடித்துக்கொள்ளும். கவிழும்போது சாய்ந்து தப்பிக்க வழியில்லை. அதேபோல், சாலையில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும்போது தலைக்குப் பின்னால் இருக்கும் குழாயே மண்டையை உடைக்கும். கெட்டியான நுரை உறை போட்டே ஆக வேண்டும். கைகள் வெளியே வீசப்படாமல் இருக்க, மணிக்கட்டில் கட்டும் பட்டைகூட இருக்கிறது.

எல்லாம் செய்தாலும் உத்தரவாதம் கிடையாது. 2023 ஜனவரி 8 அன்று இதே இருங்காட்டுக்கோட்டையில், 59 வயது அனுபவ வீரர் கே.இ. குமாரின் கார் இன்னொரு காரோடு உரசித் தடம் விலகி, வேலியில் மோதித் தலைகீழாக விழுந்தது. அவர் பிழைக்கவில்லை. அது கூரையுள்ள பந்தயக் கார், முறையான தேசியப் பந்தயம். இதைச் சொன்னபோது மருமகன் கேட்டான்: "அப்புறம் எதுக்கு மாமா இதெல்லாம்?" நம் கையில் இருப்பதையாவது சரியாகச் செய்துவிட்டுப் போக வேண்டாமா என்றேன். வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆண்டு அவன் தடத்துக்குப் போனான். காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு நானும் கூடப் போனேன். சுவரோரம் நின்று அவன் சுற்றுகளை எண்ணினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரே ஒருமுறை திருப்பத்தில் பின்பக்கம் விலகி, மண்ணுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இறங்கி வந்தவன் சிரித்தான். எனக்குக் கால் நடுங்கியது.

திரும்பி வந்த வாரம் நண்பனின் மனைவியைப் பார்க்கப் போனேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அந்த அம்மாள் காப்பி கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையை, ட்ரில் இறங்கியதை, நான் சொன்ன யானையை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தெரியும் அண்ணே. அவர் சொல்லியிருக்கார். தரை இத்துப்போயிருந்துச்சு, அடியிலே ஒரு தகடு வெச்சிருக்கணும், எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், அவசரம்னு விட்டுட்டோம்னு. உங்ககிட்டே சொல்ல வேண்டாம்னுட்டார். வந்து பார்க்கிறதை நிறுத்திடுவீங்கன்னு பயம்."

ஒன்பது வருடமும் ஞாயிறு தவறாமல் போய் அவன் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்றைப் பற்றி இரண்டு பேரும் பேசாமலே இருந்திருக்கிறோம்.

திறந்த காரோ, ஜீப்போ வைத்திருக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தலைக்குப் பின்னால் இருக்கும் வளைவு எவ்வளவு பளபளப்பு என்பதைத் தெருவே பார்த்துச் சொல்லிவிடும். அது எதன்மேல் நிற்கிறது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அடுத்த முறை தடத்துக்குக் கிளம்புமுன் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.